மூணு பாட்டில் தைலம்

அய்ய, பயப்படாதீங்க தம்பி, அது குக்கர்தான். விசிலைக் கழட்டிட்டு ட்யூப் செருகியிருக்கேன். கேஸ் கசியுதுன்னு உங்களுக்கு போன் பண்ணினது எதிர்வீட்டுக்காரங்க. வேலையைப் பாருங்க, நான் ஓரமா நின்னுக்கறேன். என் மகனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கனவே, தனியா சமைச்சது போதும், வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுன்னு உயிரை வாங்கறான்.

இதுவா? வாசல்ல நிக்கற தைல மரத்து இலை. எண்ணெய் எடுக்கறேன். சிரிங்க, பரவால்ல. எட்டாவது தாண்டாதவளுக்கு ஆராய்ச்சியாம்னு என் மகளும் சிரிச்சா.

மொதல்ல இலையை நல்லெண்ணெயில போட்டு வெயில்ல வச்சேன். பச்சைப்பசேல்னு ஆச்சு, பார்க்க மட்டும்தான் அழகு. அப்புறம் ஸ்பிரிட்ல ஊறவச்சேன். அதை வாங்கப் போனா மருந்துக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கறார். ரெண்டு வேளையும் சாமி கும்பிடறவளுக்கு வந்த பேரைப் பாருங்க. இப்ப ஆவி. குக்கர்ல தண்ணி, மேல தட்டுல இலை, ட்யூப் ஐஸ் வாளிக்குள்ள சுத்தி வெளிய வருது. சொட்டற தண்ணி மேல ஆடை மாதிரி மிதக்குதே, அதான் எண்ணெய். ஒரு மூட்டை இலைக்கு ஒரு மூடி தேறும். என் பேச்சும் அப்படித்தான்னு வீட்டுல சொல்வாங்க.

அடுப்புக் குழாய் கிழிஞ்சிருக்கா? வாளியை இழுத்து இழுத்து நான்தான் தேய்ச்சிருப்பேன்.

ஆமா, பக்கத்துலயேதான் நின்னேன். தைல வாசனையில கேஸ் தெரியலன்னு வச்சுக்கங்களேன்.

ஆச்சா? அப்படியே இந்த மூணு பாட்டிலையும் மோந்து பாருங்க. ஆவியில எடுத்ததுதான் தூக்கலா? நானும் அப்படித்தான் நெனச்சேன், கண்ணுல தண்ணி வந்துச்சே. வாசனை வந்துடுச்சுன்னு சாமிக்கு நன்றிகூட சொல்லிட்டேன். அப்புறம் பார்த்தா வெறும் எரிச்சல்.

போன காய்ச்சலோட போனது தம்பி. இப்ப இந்த மூக்கு, மூக்குத்தி மாட்டத்தான் ஆகுது. ஏதாவது ஒரு காரம் உள்ள எட்டாதான்னுதான் ஒண்ணை விட ஒண்ணு கடுசா எடுத்துப் பார்க்கறேன்.

இல்ல, என் மகனுக்குத் தெரியாது. அவன்கிட்ட நானே பேசிக்கறேன். புதுக் குழாய்கிட்ட இன்னொரு தடவை மோந்து பார்த்துட்டுப் போங்க.