வெறும் வயிற்றில் ஒரு பொட்டலம்

குருவம்மாள்: ...அப்போ நேத்து ராத்திரியும் நீ தூங்கல.

சீனியம்மாள்: தூங்குனேன் அத்தை.

குருவம்மாள்: செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டா? ரெண்டு தலகாணிய முதுகுக்குக் குடுத்து, மகாராணி கணக்கா இருந்தியே. பாத்தேன்ல.

சீனியம்மாள்: கொசு அத்தை...

குருவம்மாள்: கொசு என்ன, படுத்தவளத்தான் கடிக்குமா?

சீனியம்மாள்: மெதுவாப் பேசுங்க. அவுக இப்பத்தான் கண்ணசந்தாக.

குருவம்மாள்: எம்மகன் மில்லுல நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்தா, கொட்டடிச்சாலும் எந்திரிக்க மாட்டான். நீ சொல்லு. கொல்லைப்பக்கம் போயி ஓங்கரிச்சியே, அதுவும் கொசுவா? காலைல குழாயடியில கருத்தம்மா எங்கையப் பிடிச்சுக்கிட்டா. "மருமக வாந்தி எடுக்கா போலயே மதினி, ஆறு வருசம் கழிச்சு மலைப் பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு"ங்கா.

சீனியம்மாள்: எங்கிட்டயும் கேட்டாக.

குருவம்மாள்: நீ என்ன சொன்ன?

சீனியம்மாள்: ஆமான்னும் சொல்லல... இல்லன்னும் சொல்லல. சிரிச்சேன்.

குருவம்மாள்: எதுக்குட்டி சிரிச்ச?

சீனியம்மாள்: தெரியல அத்தை. அவுக கொடத்துக்கு முன்னாடி எங்கொடத்த வைக்கச் சொன்னாக. இத்தன வருசத்துல ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. வெக்கமாத்தான் இருந்துச்சு... ஆனாலும் வச்சேன்.

குருவம்மாள்: அப்போ... அது இல்ல?

சீனியம்மாள்: இல்ல. முந்தாநாத்துதான தலைக்கு ஊத்துனேன். நீங்களும் பாத்தீகளே.

குருவம்மாள்: பாத்தேன்... பாத்தேன். பொறவு என்னதான் செய்யுது உனக்கு?

சீனியம்மாள்: படுத்தா நெஞ்சக் கரிக்குது. திங்கிறது அம்புட்டும் புளிச்ச தண்ணியாத் தொண்டைக்கு ஏறுது. எந்திரிச்சு உக்காந்தா செத்த நேரம் அடங்கும். திரும்பச் சாஞ்சா திரும்ப ஏறும்.

குருவம்மாள்: எத்தன நாளா?

சீனியம்மாள்: பங்குனியில பூக்குழி பாக்கப் போனோம்ல... அதுக்கு முன்னாடி இருந்தே.

குருவம்மாள்: அஞ்சு மாசமாவா? ஏட்டி, வாயத் தொறந்து சொன்னா என்ன? சீரகம் போட்டுத் தண்ணி கொதிக்க வச்சுக் குடுத்திருப்பேன்ல.

சீனியம்மாள்: குடிச்சேன். மோரும் குடிச்சேன். பொழுதடையவே சாப்பிட்டும் பாத்தேன். கேக்கல. அதான்... போன வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனேன்ல...

குருவம்மாள்: போகலையா?

சீனியம்மாள்: ஸ்ரீவில்லிபுத்தூர்லயே எறங்கி ஒரு டாக்டரம்மாவப் பாத்தேன். கோவிச்சுக்கிடாதீக.

குருவம்மாள்: தனியாவா? எம்மகனுக்குத் தெரியாம?

சீனியம்மாள்: ...ஆமா.

குருவம்மாள்: சரி. அந்தம்மா என்ன சொன்னாக?

சீனியம்மாள்: வயித்துல புண்ணு இருக்கும் போலன்னாக. என்னத்தத் திங்க, என்னத்தத் திங்கன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாக. மொதல்ல நான் சொல்லல. பொறவு... பொடியச் சொல்லிட்டேன்.

குருவம்மாள்: எந்தப் பொடி?

சீனியம்மாள்: விடியக்காலம் வெறும் வயித்துல திங்கச் சொல்லி, நீங்க புதுப்பட்டி வைத்தியர்கிட்ட வாங்கியாந்து குடுக்குறீகளே, அது.

குருவம்மாள்: அது பிள்ளைக்கு மருந்துட்டி.

சீனியம்மாள்: அப்படித்தான் சொன்னேன். மொதல்ல அத நிறுத்துன்னாக. நான் நிறுத்தல.

குருவம்மாள்: ஏன்?

சீனியம்மாள்: மாசாமாசம் இங்கருந்து பஸ் மாறி, வெயில்ல நடந்து வாங்கியாறீக. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? அதுலயும் இன்னொண்ணு இருக்கு... திட்டாதீக.

குருவம்மாள்: சொல்லு.

சீனியம்மாள்: சீக்கிரம் பலிக்கட்டும்னு ரெண்டு வேளையாத் திங்கேன். படுக்கப் போகையிலயும் ஒரு பொட்டலம். போன மாசம் எலி இழுத்துட்டுப் போயிட்டுன்னு சொன்னேனே... எலி இல்ல அத்தை. நான்தான் தின்னு தீத்தேன். அத்தை? மொகத்த ஏன் திருப்பிக்கிட்டீக?

குருவம்மாள்: மிச்சப் பொட்டலம் எங்க இருக்கு?

சீனியம்மாள்: அரிசிப் பானைக்குப் பின்னாடி.

குருவம்மாள்: எடுத்துட்டு வா. அடுப்புல போடணும்.

சீனியம்மாள்: ஐயோ, வேண்டாம். ஒரு வேளை மட்டும் திங்கேன். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, தாங்கிக்கிடுவேன்.

குருவம்மாள்: எடுன்னா எடு.

சீனியம்மாள்: நீங்களே இப்படிச் சொன்னா எப்படி அத்தை? கொறை எங்கிட்ட இருக்கையில மருந்தையும் விட்டுட்டா, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருக்க?

குருவம்மாள்: கொறை உங்கிட்ட இல்ல தாயி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, எண்பத்தாறு ஆடியில மதுரைக்கு ஒரு விசேசத்துக்குன்னு நானும் உம்புருசன் தங்கச்சாமியும் போனோம்ல... ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அவங்கிட்டதான் கொறைன்னு எழுதிக் குடுத்துட்டாக. சீனிகிட்டச் சொல்லிருவோம்மான்னு பஸ் ஸ்டாண்டுல வச்சு அழுதான். நான்தான் சத்தியம் வாங்கி அவன் வாய அடச்சேன். மருந்து திங்கிறவகிட்டதான கொறை இருக்கும்னு ஊரு நெனைக்கும்... அதுக்காகத்தான் அந்தப் பொடியத் தேடிப் பிடிச்சு வாங்கியாந்தேன்.