சித்திரை வரைக்குமான காரியஸ்தர்

பெயர் கமருன்னிஸா, வயது 34, கணவர் மீரா உசேன், கடற்கரைத் தெரு, அதிராம்பட்டினம். 2.2.1970 பகல் 11 மணிக்குத் தானாகப் போலீஸ் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் பினாங்கில் வியாபாரம் செய்கிறார். எங்கள் வயலைப் பார்த்துவந்த காரியஸ்தர் மார்கழியில் இறந்துபோனார். சம்பா முற்றி நின்றது. கூலித் தகராறில் உள்ளூர் ஆட்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. சித்திரையில் தான் ஊர் திரும்பும்வரை ஒருவரை வைத்துக்கொள்ளும்படி கணவர் எழுதியிருந்தார். அதன் பேரில் சென்ற வெள்ளிக்கிழமை மூன்று பேரை வரச்சொல்லி, எங்கள் வழக்கப்படி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அறுப்பை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டேன்.

முதல் இருவர் கணவரின் அண்ணன் சேக் தாவூது கூட்டிவந்தவர்கள். ஒருவர், வெளியூர் ஆட்களைப் போலீஸ் காவலோடு இறக்குவதாகச் சொன்னார். மற்றவர் தன் பெருமையை அரை மணி நேரம் பேசினார், அறுப்பைப் பற்றி மூச்சே விடவில்லை. அதன் பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு அண்ணனும் போய்விட்டார்.

மூன்றாமவர் வரவில்லை என்றே நினைத்தேன். அவர் எங்கள் வயலில் நடவு நடும் அம்சம் என்பவரின் மகன் ரெத்தினம், வயது 26, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். அவர்கள் தெரு ஆட்கள் எங்கள் வீட்டுக் கொல்லை வழியாகத்தான் வருவார்கள். அதன்படி அவர் மதியத்திலிருந்து மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனபோது அவரைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கே திரை ஏது? முகம் பார்த்தே கேட்டேன்.

"வெளியாளு வந்தா நெல்லு வீடு வந்துடும்மா, அடுத்த நடவுக்கு ஆளு வராது. நீங்களே தெருவுக்கு வந்து பேசுங்க, நான் கூட நிக்கிறேன்" என்றார். அப்போதே அவரை வேலைக்கு வைத்தேன்.

மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போனேன். இரண்டு மணி நேரத்தில் கூலி பேசி முடிந்தது. அதன் பிறகு இன்று காலை ரெத்தினம் ஆட்களோடு வயலில் இறங்கியதும், அத்துமீறி நுழைந்ததாக அண்ணன் புகார் கொடுத்ததன் பேரில் ரெத்தினத்தை இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். அண்ணன் பொய் சொல்லவில்லை. வாசல் வழியே வந்த இருவரை மட்டுமே அவர் பார்த்தார், ரெத்தினத்தை நான் வைத்தது அவருக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு உண்டு.

அறுத்த கதிர் வயலில் கிடக்கிறது. ஆட்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகாமல், ரெத்தினம் வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரைச் சித்திரை வரைக்கும் என்று வைத்தது நான்தான். அந்தக் கெடுவை இந்த அதிகாரி முன்னிலையில் எடுத்துவிட்டேன், சித்திரைக்குப் பிறகும் அவரே எங்கள் காரியஸ்தர். கணவருக்கும் தந்தி கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கமருன்னிஸா