தீபத்தன்று மொட்டைமாடி

“வாடகை நல்லா வரும்னுதான் மேடம். பௌர்ணமின்னா இந்த ஊர்ல படுக்க இடம் கிடைக்காது. முதல் முதலீட்டுக்கு நல்ல வீடுதானே?”

“அவ்ளோ பழைய வீடு. நெலமை தெரியாமலா வாங்கினே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

தெரியும். சின்ன வயதில் அதன் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மழை வந்தால் சமையலறைக் கூரையிலிருந்து காரை உதிரும். அம்மா சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரர் முருகவேல் சிரிப்பார். “நூறு வருஷ வீடு, அருணாதேவி. ஒண்ணும் ஆவாது.”

ஓர் ஐப்பசி மழையில் அந்தக் கூரை அம்மாவின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் முன்கட்டு உத்தரத்துக்கு அவர் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தார். முன்கட்டில் அவர் குடும்பம் இருந்தது.

போன வருடம் அந்த வீடு விலைக்கு வந்தது. சென்னையில் வாங்கும் சம்பளத்துக்குக் கடன் கிடைத்தது. பத்திரப் பதிவன்று முருகவேல் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். “எங்ககிட்ட வாடகைக்கு இருந்த பொண்ணு, வீட்டையே வாங்குது பாரு!” பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “தீபத்தன்னிக்கு மட்டும் மொட்டைமாடியை எங்களுக்கு வுட்டுடும்மா. எங்கப்பா காலத்துலருந்து அங்கதான் பாக்குறோம்.”

“தாராளமா வாங்க மாமா. பேத்தி ஓவியாவையும் கூட்டினு வாங்க.”

மரியாதைக்கு யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் எதையும் இடிக்கவில்லை. வெள்ளையடித்தேன். உத்தரம் செல்லரித்துவிட்டது, மேலே ஆள் ஏறக் கூடாது என்று கொத்தனார் சொன்னார். அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். அறையின் நடுவே அசிங்கமாக நின்ற சவுக்குக் கட்டையைத் தீபத்துக்கு முன்பு நானே தட்டி எடுத்தேன்.

அந்தக் காலத்தில் வாடகைக்காரர்களுக்கு அந்த மாடியில் இடம் கிடையாது. ஆனால் மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் மேலே இருப்பவர்கள் எல்லாரும் மலைப்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு ஓடும் சத்தத்தை ஒவ்வொரு வருடமும் கீழிருந்து கேட்டிருக்கிறேன். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் முன்கட்டு உத்தரம்.

இந்தத் தீபத்தன்று தெருவின் எதிர்ச்சாரியில் நின்றேன். ‘அரோகரா’ என்று ஊரே மலையைப் பார்த்தது. நான் மாடியைப் பார்த்தேன்.

முருகவேலைத்தான் நான் கொன்றேன். அவர் மகனும் மருமகளும் அங்கே நின்றது அவர்கள் விருப்பம்.

“மேடம், ஓவியா இன்னும் ஐசியூவுலதானே இருக்கு? அம்மா போனப்ப எனக்கும் அதே வயசுதான். அது கண்ணு முழிச்சதும் என்னை ஒருவாட்டி கூட்டினு போறீங்களா? நூறு வருஷ வீடு, ஒண்ணும் ஆவாதுன்னு உங்க தாத்தாதான் சொன்னாருன்னு, நானே அதுகிட்ட சொல்லணும்.”