பாட்டு நிக்கணும், லைட்டு எரியணும்

இல்ல மேடம், இப்டி டெஸ்ட் பண்ணா நான் ஒத்துக்க மாட்டேன். ஆளே இல்லாத மண்டபத்துல ஃபயர் அலாரம் மணி அடிச்சா யாருக்குதான் கேக்காது? நான் பாட்டு போடுறேன், ஃபுல் சவுண்டு. லைட்ட அணைச்சிட்டு கலர் லைட்ட சுத்த வுடுறேன். அதுக்கப்புறம் நீங்க பட்டன அமுக்குங்க. பாட்டு பட்டுனு நிக்கணும், மண்டபத்துல மொத்த லைட்டும் எரியணும். அப்பால கையெழுத்து போடுங்க.

நானா? வேதாசலம். இந்த தோணிரேவுதான். ஊரு மண்டபத்துக்கு இப்ப நான்தான் சாவி வெச்சினு கீறேன். முன்ன மைக் செட்டு. எங்க நைனா ஏரியில எறாலு புடிச்சாரு, எனக்கு அது ஒத்துவரல. ஸ்பீக்கர் பொட்டிய தூக்கிக்குனு கல்யாணம் கல்யாணமா போனேன். பதினெட்டு வருசம்.

இல்ல, இப்ப வுட்டுட்டேன்.

மீஞ்சூர் தாண்டி ஒரு மண்டபம் எரிஞ்சுதே மேடம், ரெண்டு வருசம் முன்ன? மூணு பேரு போனாங்களே. ஆங், அதேதான். உங்க ஃபயர் ஆபீசுல பைலு இருக்குமே. அன்னிக்கு சவுண்டு, லைட்டு எல்லாம் நம்மளுது.

ரிசப்ஷன். சாயந்தரம் ஏழு மணி இருக்கும். பொண்ணு மாப்ள மேடையில நிக்கிறாங்க, கீழ பசங்க ஆடுறாங்க. நான் பொக மிஷின் போட்டுக்கீறேன். மேடைக்குப் பின்னாடி தெர்மாகோலு, துணி, சீரியல் லைட்டு, எல்லாம் அலங்காரம் பண்ணவங்க வெச்சது. அங்கதான் புடிச்சுது. பொக வருது, எல்லாரும் என் மிஷின் பொகனு நெனச்சாங்க. நானும்தான்.

மணியா? அடிச்சுது மேடம். அப்பறமா வீடியோகாரரு கேமராவுல போட்டுப் பாத்தாங்க. நாலு நிமிசம் அடிச்சிருக்கு. பாட்டுக்கு நடுவுல சின்னதா, கொசு மாதிரி கேக்குது. செவத்துல அலாரத்தோட வெள்ள லைட்டு வெட்டி வெட்டி எரியுது. அத்த பாத்து பசங்க விசிலடிக்கிறாங்க. நான் பாத்தனே. நம்ம லைட்டுதான்னு நெனச்சேன். பாட்டுக்கு நல்லா சேருதேனு கூட நெனச்சேன்.

தெர எரிய ஆரம்பிச்சப்பதான் ஓடுனாங்க. இருட்டு, கலர் லைட்டு, எது வழினு தெர்ல. நானும் ஓடுனேன்.

மேடைக்குப் பின்னாடி ரூம்ல மூணு பேரு மாட்டிக்கிட்டாங்க. பொண்ணோட அத்தைங்க ரெண்டு பேரு. இன்னொன்னு ஜமுனா. என் சம்சாரம்.

ஐயோ, எழுந்துக்காதீங்க மேடம், ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

கல்யாணப் பொண்ணு அவளுக்கு சித்தி மக. அடுத்த பொடவய எடுத்து வெக்க உள்ள போனா. என் கூட இருந்து இருந்து அவளுக்குக் காது மந்தம், வூட்லயே பொட்டி வெச்சி டெஸ்ட் பண்ணுவேன்ல. அதான் இங்க ரூமுக்குள்ளயும் லைட்டு வெக்கச் சொல்றேன். மணி மட்டும் பத்தாது. காது கேக்காதவங்க இருப்பாங்க.

அழுகயெல்லாம் இல்ல மேடம். அன்னிக்கும் வரல, இப்பவும் வரல. சோறு எறங்குது, தூக்கம் வருது. எங்க மச்சினிச்சி அமுதவல்லி கூட கேட்டுச்சு, இன்னா மாமா நீ கல்லா, மனுசனானு.

விசாரணைல எழுதுனாங்க. அலாரம் அடிச்சா மேடை கரண்டு அறுந்து பாட்டு நிக்கணும், பெரிய லைட்டுங்க தானா எரியணும். அதுக்கு செவப்பு அலாரம் பொட்டியிலேர்ந்து ஒரு ஒயரு. அந்த ஒயரு கனெக்சன்லயே இல்ல, அந்த மண்டபத்து எலெக்ட்ரீசியன் சரியா மாட்டலனு எழுதிட்டாங்க. ஜெரோமுனு பேரு, காட்டூர் ஆளு. கேசு நடக்குது. வேல போச்சு. அவன் சம்சாரம் பிரின்சி இப்ப கம்பெனி வேலைக்கு ரயில்ல போவுது.

ஜாமீன்ல வந்த அன்னிக்கு நேரா எங்க வூட்டுக்கு வந்தான் மேடம். ஜமுனா படத்துக்கு முன்னாடி நின்னான், அப்பறம் என் கால்ல வுழுந்துட்டான். அண்ணா, நான் மாட்டுனேண்ணா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குண்ணா, எப்டி வுட்டுப்போச்சுனு தெர்லண்ணா, மன்னிச்சிடுண்ணானு அழுவுறான். நான் எழுந்திரு ஜெரோமுனு சொன்னேன். டீ போட்டுக் குடுத்தேன்.

என்ன யாரும் ஒண்ணும் கேக்கல மேடம். போலீசும் கேக்கல. பொண்டாட்டிய பறிகுடுத்தவனாச்சே, தோள்ல கைய வெச்சி வெச்சி போனாங்க.

வர்ற திங்கக்கெழம அவனுக்குத் தீர்ப்பு. யாருகிட்ட போய் சொன்னா எழுதிப்பாங்கனு எனக்குத் தெர்ல. நீங்க கவர்மெண்டு ஆளு, கையில பேப்பரு வெச்சினு கீறீங்க.

ரிசப்ஷன் அன்னிக்கு மதியம் பொக மிஷின ஓட்டிப் பாத்தேன். அந்தப் பொகைக்கே அலாரம் மணி அடிச்சி பாட்டு நின்னுபோச்சு. மறுபடி ஓட்டுனேன், மறுபடி நின்னுது. மாப்ள வூட்டு ஆளு வந்து, இன்னாயா செட்டு இது, பொண்ணு உள்ள வர்ற நேரத்துல நின்னா மானம் போவாதானு கத்திட்டுப் போனாரு. ஜெரோமு சாப்புடப் போயிருந்தான். செவப்பு பொட்டி தொறந்துதான் இருந்துச்சு. ஒரே ஒரு ஸ்க்ரூ மேடம். கழட்டி ஒயர இழுத்து வுட்டுட்டு, ஸ்க்ரூவ சட்டப் பாக்கெட்ல போட்டுக்குனேன். ஃபங்ஷன் முடிஞ்சதும் மாட்டிடலாம்னு.