உதயசூரியன் அமுத்திய பட்டன்

கார்த்திகா: கதை வேணாம் மாமா. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் அனுப்பின பட்டன் வேலை செஞ்சுதா?

உதயசூரியன்: வேலை செஞ்சுதாவா? அந்தமான்ல இந்த ஹட் பேயில டவரே ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது.

கார்த்திகா: எந்த டவர்?

உதயசூரியன்: செல்போன் டவர்தான். உச்சியில ஒரு கழுகு குடியிருந்துச்சு. காலையில எந்திரிச்சுப் பாத்துட்டு, பொண்டாட்டி பிள்ளைங்களோட தென்னைமரத்துக்கு மாறிடுச்சு. உன் பட்டன் அவ்வளவு நெட்டை உறிஞ்சியிருக்கு.

கார்த்திகா: மாமா... இங்க ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸ்ல நான் காலையிலேர்ந்து போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்கு நீங்க சொல்ற ஒரு வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. ஜம்புலிங்கம் சார் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?

உதயசூரியன்: யாரு, அந்தக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்குத் தலைவரா இருக்கிற ஆளா? கறுப்புத் திரையில கமாண்ட் தட்டத் தெரியாதவன் ப்ரோக்ராம் எழுத வரக்கூடாதுங்கிறவரு.

கார்த்திகா: அப்படி இல்ல... அதாவது, அப்படித்தான். ஆனா கமாண்ட் தெரியாத ஒருத்தர் யாரோட உதவியும் இல்லாம ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு வெப் பக்கத்தை ஆரம்பிச்சிட்டா, திங்கக்கிழமை வகுப்புல என் பட்டனையே வச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு. இல்லன்னா பழையபடி கறுப்புத் திரைதான். போன தடவை ஹட் பேயில நடத்தின வகுப்புல சேர்ந்த பொம்பளைங்க அத்தனை பேரும் ரெண்டாம் நாளே நின்னுட்டாங்க.

உதயசூரியன்: உங்க அத்தையும் அதுல ஒருத்தி. சொர்ணம்மா, கொதிக்கிற எண்ணெயில கைய விட்டு வடை எடுக்கிறவ. அந்தத் திரையைப் பாத்ததும் செருப்பைக்கூட விட்டுட்டு வந்துட்டா.

கார்த்திகா: நீங்களும் அதுல தட்டிப் பாத்தீங்கதானே?

உதயசூரியன்: பாத்தேன். அவ மெஸ்ஸுக்கு ஒரு பக்கம் செய்யணும். கப்பல் வர்ற அன்னிக்கு மீன் சாப்பாடு, வராத அன்னிக்கு ரசம்னு அது தானா மாறிக்கணும். சரின்னு நீ சொல்லிக் கொடுத்த கமாண்டை ஒத்தை விரலால தட்டினேன். அது என்னா சொல்லுச்சு தெரியுமா? இண்டர்னலும் இல்ல, எக்ஸ்டர்னலும் இல்ல, அடையாளம் தெரியலன்னுடுச்சு.

கார்த்திகா: அது உங்களைச் சொல்லல மாமா. நீங்க தட்டின கமாண்டைச் சொன்னது.

உதயசூரியன்: நாப்பது வருஷமா இந்தத் தீவுல இருக்கேன் புள்ள. மெயின்லாண்டுக்குப் போனா அந்தமான்காரன்கிறான். இங்க வந்தா மெயின்லாண்டுக்காரன்கிறான். நான் உள்ளேயும் இல்ல, வெளியேயும் இல்லங்கிறது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். அந்த மெஷினுக்கு யாரு சொன்னதுன்னுதான் யோசிக்கிறேன்.

கார்த்திகா: அதுக்காகத்தானே பட்டன் செஞ்சேன். பக்கத்துக்கு ஒரு பேரு வைக்கணும், பச்சைப் பட்டனை அமுத்தணும். வேணுங்கிறதை எல்லாம் அதுவே நெட்லேர்ந்து இறக்கிக்கும். அமுத்தினீங்களா?

உதயசூரியன்: அமுத்தினேன்.

கார்த்திகா: என்ன ஆச்சு?

உதயசூரியன்: ஒண்ணும் ஆகல. மறுபடி அமுத்தினேன்.

கார்த்திகா: எவ்வளவு நேரம் கழிச்சு?

உதயசூரியன்: கைய எடுத்த உடனே.

கார்த்திகா: மாமா...

உதயசூரியன்: அப்புறம் ஜல்தி ஜல்தியா அமுத்தினேன். விரல் வலிச்சதும் பக்கத்து வீட்டுக் காத்தமுத்துவைக் கூப்பிட்டேன். அமுத்துறதுல அவனை அடிச்சுக்க இந்தத் தீவுல ஆள் இல்ல.

கார்த்திகா: எதுக்கு மாமா ரெண்டு பேரு?

உதயசூரியன்: அரே, கேள்வியைப் பாரு. கப்பல் டிக்கெட் நெட்ல திறக்கிற அன்னிக்கு ஒரு தடவை அமுத்திட்டு, கையக் கட்டிக்கிட்டு உக்காந்தவன் எவனாவது ஹேடோ ஜெட்டியில இறங்கியிருக்கானா? கிடைக்கிற வரைக்கும் அமுத்திக்கிட்டே இருக்கணும். இங்க பொறந்த குழந்தைக்கே தெரியும்.

கார்த்திகா: ஐயோ... ஒவ்வொரு தடவை அமுத்தும்போதும் ஒரு புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும் மாமா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஃபைல்.

உதயசூரியன்: அதான் கடலைக் காணோம். டெஸ்க்டாப்ல கடல் படம் வச்சிருந்தேன், இப்ப மஞ்சள் மஞ்சளா ஃபோல்டர் மட்டும்தான் தெரியுது. கம்ப்யூட்டரும் கனத்துப் போச்சு. பாக்கு நிறுக்கிற தராசுல தூக்கி வச்சுப் பாத்தோம். நாலு கிலோ கூடியிருக்கு.

கார்த்திகா: ஃபைலுக்கு எடை கிடையாது.

உதயசூரியன்: நானும் தராசுகிட்ட அதைத்தான் சொன்னேன்.

கார்த்திகா: இப்ப மெஷின் ஓடுதா, இல்ல பந்த் ஆகி நின்னுடுச்சா?

உதயசூரியன்: மூச்சு வாங்குது. காத்தமுத்து விசிறிக்கிட்டு இருக்கான்.

கார்த்திகா: அப்ப... பட்டன் தோத்துடுச்சுங்கிறீங்க.

உதயசூரியன்: நான் எங்க அப்படிச் சொன்னேன்?

கார்த்திகா: பக்கம் திறந்துச்சா, இல்லையா? அது ஒண்ணுதான் எனக்கு வேணும். நிஜமா மாமா, விளையாடாதீங்க.

உதயசூரியன்: உங்க அத்தை எதிர்ல நிக்கிறா. கரண்டியோட. நடந்ததைச் சொல்லுங்கிறா.

கார்த்திகா: சொல்லுங்க.

உதயசூரியன்: நாங்க அமுத்திக்கிட்டே இருந்தோமா... இவ காப்பி கொண்டாந்து வச்சிட்டு, பின்னாடி ஒரு சன்னல்ல ஏதோ எழுதியிருக்கேன்னா. ஒவ்வொண்ணா விலக்கிப் பாத்தா, அடியில சொர்ணம்மா மெஸ்னு கொட்டை எழுத்துல நிக்குது. முதல்ல அமுத்தினது கொஞ்ச நேரத்துல ஒழுங்காத் திறந்திருக்கு. மத்ததெல்லாம் அதுமேல ஏறி உக்காந்துக்கிச்சு.

கார்த்திகா: முதல் அமுத்துலயேவா? யாரும் எதுவும் தட்டித் தரலையே?

உதயசூரியன்: யாரு இருக்கா தட்ட? காத்தமுத்து அமுத்த மட்டும்தான் வந்தான்.

கார்த்திகா: இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?

உதயசூரியன்: சொன்னா, அப்ப காலையிலேர்ந்து எதுக்குய்யா அமுத்தினன்னு கேப்பே. டவர் சாஞ்சுடுச்சுன்னா அந்தக் கேள்வி வராது.

கார்த்திகா: தப்பு என்னோடது மாமா. ஒரு தடவை அமுத்தினதும் பட்டன் மங்கிப் போற மாதிரி மாத்திடுறேன். கீழேயே எழுதி வச்சிடுறேன்: கிடைச்சிடுச்சு, கைய எடுங்க.

உதயசூரியன்: அப்படி எழுது, ஹட் பே ஊருக்கே புரியும். ஆனா அந்த ஜம்புலிங்கம் நம்பணுமே. அவரை பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில பாத்திருக்கேன். சாத்தம் ஜெட்டியிலேர்ந்து எதிர்க்கரைக்குப் போக ரெண்டு லைஃப் ஜாக்கெட்...

கார்த்திகா: மாமா, போதும்.

உதயசூரியன்: ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு மடியில. மடியில இருந்ததுக்குத் தனியா டிக்கெட்டும் எடுத்திருந்தாரு.

கார்த்திகா: மாமா. சார் லைன்ல இருக்காரு.

உதயசூரியன்: ...எப்பலேர்ந்து?

கார்த்திகா: கழுகு குடி மாறினதுலேர்ந்து. சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அவர் இருக்கிறது தெரிஞ்சா நீங்க உள்ளதைச் சொல்ல மாட்டீங்களாம்.

உதயசூரியன்: நமஸ்தே சாப். ஜாக்கெட் ரெண்டு போடுறது நல்ல பழக்கம்.

கார்த்திகா: சார்... டவர், தராசு, அதையெல்லாம் விட்டுடுங்க. பக்கம் திறந்தது மட்டும் நிஜம். முடிவை நீங்கதான் சொல்லணும்.

ஜம்புலிங்கம்: கேட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். இத்தனை வருஷமா வகுப்புக்கு முன்னாடி என் மெஷின்ல அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, எல்லாத்தையும் தட்டி வச்சிட்டுப் போனது எங்க ஆபீஸ் நளினி. அவ நேத்து மாத்தலாகி மெயின்லாண்டுக்குப் போயிட்டா... அந்தப் பட்டனை இன்னிக்கே எனக்கு அனுப்பிடும்மா.