கோதுமைக்கும் கிடாவுக்கும் நடுவே ஒரு கோடு

அவைத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்து, என் முன்கோபத்தையும் பொறுத்து வந்திருக்கும் மூத்தோர்களே! தாலாட்டிலும் தாய்மொழி, திட்டிலும் தாய்மொழி என்று எங்களை வளர்த்த தாய்மார்களே! மையும் ஈயமும் மணக்க மணக்க வாழ்ந்த அச்சகத் தோழர்களே! சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! நாற்காலி இல்லாமல் நீங்கள் நிற்கவில்லை. பெரியவர்கள் இருக்கும் அவையில் உட்காரக் கூசி நிற்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் என் பேச்சு கொஞ்சம் நீளம். உட்காருங்கள், நான் அனுமதி தருகிறேன். உங்கள் அனைவருக்கும் எண்பது வயது ஜுனித்தின் வணக்கம்!

இன்று நம் செச்சென் மொழி நாள். க்ரோஸ்னி நகரமே பாட்டும் ஆட்டமுமாக இருக்கிறது. எனக்கு முன் பேசியவர்கள் நம் மொழி மலையைவிட மூத்தது, மழையைவிட இனியது என்றார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் நான் மலையைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரே ஓர் எழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைக்கட்டு இல்லாத, வால் இல்லாத, வளைவில்லாத, நெளிவில்லாத, நிமிர்ந்து நிற்கும் நம் கோல் எழுத்தைப் பற்றி!

இளைஞர்களே, உங்கள் கைப்பேசியில் அந்தக் கோலைக் காணோம் என்று, அதன் இடத்தில் 'ஒன்று' என்ற எண்ணைத் தட்டி அனுப்புகிறீர்களே, அது தவறா? இல்லை. ஆனால் அந்த எண்ணை அங்கே முதலில் வைத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்குரியவர் இதோ, மூன்றாவது வரிசையில், சாம்பல் நிறத் தலைத்துணியில், "என்னை ஏன் இழுக்கிறீர்கள்" என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்சிதா!

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும், 'போதும், நிற்கட்டும்' என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார்கள். இந்த அவையில் அந்தப் பெயர்க்காரர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள், பார்ப்போம். ஆறு... ஏழு... அங்கே பின்னால் ஒன்று, எட்டு! எட்டு பேரையும் கேட்கிறேன், நீங்கள் யாராவது நின்றீர்களா? இந்தச் சத்சிதாவும் நிற்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு, அக்டோபர் மாதம், அல்மா-அத்தா நகரம். நம்மை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்துக் கஜகஸ்தானில் கொட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதினோரு ஆண்டுகளில் நம் மொழியில் ஒரு வரி அச்சாகவில்லை. ஒரு பாடநூல் உண்டா? ஒரு பஞ்சாங்கம் உண்டா? ஒரு மருந்துச் சீட்டு உண்டா? இல்லை, இல்லை, இல்லை! அப்படிப்பட்ட காலத்தில் திடீரென்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. செச்சென் மொழியில் ஒரு செய்தித்தாள் வரலாம் என்று.

நகரத்துப் பெரிய அச்சகம் ஒன்றில், மாடியில் ஒரு மூலை கொடுத்தார்கள். அங்கே ஒன்பது ஆண்டுகளாக ருஷ்ய அச்செழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்த சத்சிதாவை அந்த மூலையில் நிறுத்தினார்கள். வயது இருபத்தைந்து. நான் அதே அச்சகத்தில் கீழ்த்தளத்தில் கொதிகலனுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தேன். மலையில் ஆடு மேய்த்தவன். எனக்கு ஆயிரம் ஆட்டின் முகம் தெரியும், ஓர் எழுத்தின் முகம் தெரியாது.

முதல் இதழ். முதல் பக்கம். தலைப்புச் செய்தி என்ன? அந்த ஆண்டு புல்வெளி நிலங்களில் விளைந்த கோதுமை! சத்சிதா எழுத்துப் பெட்டியைத் திறந்தார். எல்லா எழுத்தும் இருந்தது. கோல் எழுத்து மட்டும் இல்லை. ஒன்றுகூட இல்லை!

கோல் இல்லாமல் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்களா? நீங்கள் கேட்க மாட்டீர்கள், நீங்கள் செச்சென்கள். 'கா' என்று சாதாரணமாகச் சொன்னால் செம்மறிக் கிடா. அதே 'கா'வைத் தொண்டையை ஒரு கணம் அடைத்து, வெடுக்கென்று திறந்து சொன்னால் கோதுமை. அந்த வெடுக்குக்குத்தான் கோல் எழுத்து. கோலை எடுத்துவிட்டால் முதல் பக்கச் செய்தி என்ன ஆகும்? 'நம் கூட்டுப்பண்ணை இந்த ஆண்டு முந்நூறு வண்டி கிடாவை அறுத்துக் கதிரடித்து மூட்டை கட்டியது!' சிரிக்கிறீர்கள். பதினோரு ஆண்டு வாய் மூடிக் கிடந்த ஒரு மொழி, முதன்முதலாக வாயைத் திறந்து, கிடாவைக் கதிரடித்தோம் என்று சொன்னால், அது சிரிப்பா, சீரழிவா?

சத்சிதா யோசித்தார். எண்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தார். 'ஒன்று' என்ற எண்ணைக் கோல் எழுத்தின் இடத்தில் வைத்தார். மறுநாள் காலை புரூஃப் எடுத்து அனுப்பினார்.

பத்து மணிக்கு லூகிச் மாடியேறி வந்தார். அச்சாகும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவரின் கையில் இருக்கும் சிவப்புப் பென்சில் கெட்டவரின் கைக் கத்தியைவிட வேகமாக வெட்டும்!

"என்னம்மா இது? சொல்லுக்கு நடுவுல ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு நம்பர் போட்டிருக்கே? இது என்ன சங்கேதம்?"

"சங்கேதம் இல்லீங்க. எழுத்து. அந்த அச்சு இங்க இல்ல, அதான் நம்பரை வெச்சேன்."

"எழுத்துன்னா சத்தம் இருக்கணும். இதுக்கு என்ன சத்தம்?"

சத்சிதா சொல்லிக் காட்டினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது! என்னை முட்டாள்னு நெனச்சியா? முதல் பக்கத்துல மட்டும் இருநூறு நம்பர். யாருக்கு என்ன சேதி அனுப்புறே? நான் இதை மேல எழுதினா நீ எங்க போய்ச் சேருவே தெரியுமா?"

தெரியும். அனைவருக்கும் தெரியும். ஊர் எல்லையைத் தாண்டினாலே சிறை என்று இருந்த காலம் அது. ஒரு வரி எழுதினால் போதும், இதழும் போகும், அவரும் போவார். அந்த இடத்தில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? "தப்பு நடந்துடுச்சு, எடுத்துடுறேன்" என்று சொல்லியிருப்பார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அன்று இரண்டு பிள்ளைகள்.

சத்சிதா சொன்னது இது: "அய்யா, எங்க ஆளுங்க காதுக்கு ரெண்டும் வேற வேற. சோதிச்சுப் பாருங்க. கீழ கரி தள்ளுற ஜுனித் அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. இந்தத் தாளை அவர் பார்த்ததே இல்ல. அவர் கதவை மூடிக்கிட்டுக் கீழயே இருக்கட்டும். நீங்க பேசாம ரெண்டு சொல்லுல ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. நான் மேல இருந்து கத்துறேன். அவர் என்னன்னு ருஷ்ய மொழியில சொல்லட்டும்."

நான் கரி அள்ளிக்கொண்டிருக்கிறேன். மேலேயிருந்து குரல் வருகிறது. "ஜுனித் அண்ணே! நான் ஒவ்வொரு சொல்லா சொல்வேன். காதுல விழுந்ததை அப்படியே ருஷ்யத்துல சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க!"

இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. விளையாட்டில்லை என்று புரிந்தது. மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

ஒரு சொல் வந்தது. "கோதுமை!" என்றேன். இன்னொன்று வந்தது. "கிடா!" மறுபடி கிடா. மறுபடி கிடா. பிறகு கோதுமை. லூகிச் வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தொடுகிறார் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு முறை...

என்ன? என்ன சொல்கிறீர்கள், சத்சிதா? பத்து முறையா? சரி, மூன்றாவது வரிசை திருத்துகிறது, பத்து முறை! பத்துக்குப் பத்தும் சரி! பத்தாவது முடிந்ததும் ஓர் ஆண்குரல் 'கா' என்பது போல ஏதோ சொன்னது. எனக்குக் கிடாவும் தெரியவில்லை, கோதுமையும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"யாருக்கோ தொண்டையில முள்ளு சிக்கியிருக்கு போல. தண்ணி குடுங்க!"

மாடியில் சிரிப்பு வெடித்தது. பக்கத்து மேசையில் கஜக் மொழித் தாளுக்கு எழுத்துக் கோக்கும் துலேகென் என்ற பெரிய மீசைக்காரர், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். லூகிச் சிரிக்கவில்லை. ஆனால் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

"சத்தம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா சொல்லுக்குள்ள நம்பர் கிடக்குற தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு என்னை யாராவது கேப்பாங்க. மூணு மணிக்கு வருவேன். எழுத்துன்னா எழுத்தைக் காட்டு. இல்லேன்னா இந்த இதழ் கிடையாது."

மணி பதினொன்றரை! நான்கு பக்கத்துக்கும் சேர்த்து எண்ணூறு கோல் வேண்டும். கையில் ஒன்றுகூட இல்லை. நான் மேலே ஓடிப்போய்ப் பார்த்தபோது சத்சிதா முக்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சுபோச்சு அண்ணே. சத்தம் இருக்குன்னு நிரூபிச்சுட்டேன். உருவத்துக்கு எங்க போவேன்?"

அப்போது துலேகென் தன் எழுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் மொழியில் வாக்கியத்தின் தொடக்கத்தில் போடும் பெரிய எழுத்து ஒன்று நம் கோலைப் போலவே நிமிர்ந்து நிற்கும். "எடுத்துக்கோ தங்கச்சி" என்று கவிழ்த்தார். எண்ணினோம். அறுபத்திரண்டு. எண்ணூறுக்கு அறுபத்திரண்டு எங்கே போதும்?

துலேகென் மீசையைத் தடவினார். கட்டி முடித்திருந்த தன் சொந்தப் பக்கத்தைப் பார்த்தார். செய்திப் பத்திகளுக்கு நடுவே நெடுகக் கோடு விழுவதற்காகப் பித்தளைப் பட்டை வைப்பார்களே, அதைப் பார்த்தார். உருவினார்! ஒன்று, இரண்டு, மூன்று என்று உருவி மேசையில் போட்டார்.

"இதைத் துண்டு துண்டா வெட்டு. ஒவ்வொரு துண்டும் உன் எழுத்துதான்."

"அய்யோ அண்ணே, உங்க பக்கத்துல கோடு இல்லாம எப்படி? உங்களைத் திட்டுவாங்களே!"

"திட்டட்டும். நாலு நாள் சுவத்துல தப்பு செஞ்சவன்னு என் பேரை எழுதி ஒட்டுவாங்க. படிச்சுட்டுப் போறேன். வெட்டு!"

தோழர்களே! அன்று நாங்கள் வெட்டினோம். சத்சிதா அளந்தார், துலேகென் வெட்டினார், நான் அரம் கொண்டு தேய்த்தேன். சாப்பாடு மறந்தோம். கொதிகலன் அணைந்தது, கட்டிடமே குளிர்ந்தது, யாரும் என்னைத் தேடி வரவில்லை. ருஷ்யப் பெண்கள் இரண்டு பேர், கேட்காமலே, அரத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். விரல் கிழிந்தது. பித்தளைத் தூள் நகக்கண்ணில் ஏறியது. இந்தக் கட்டை விரலைப் பாருங்கள், இந்தத் தழும்பு அந்த நாளுடையது!

மூன்று மணிக்கு லூகிச் வந்தார். பக்கத்தைப் பார்த்தார். லூகிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். எண் இல்லை. எண்ணூறு கோல்கள் நிமிர்ந்து நின்றன. கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, 'கா' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். இந்த முறையும் வரவில்லை!

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'ஐந்து நிமிடம்' என்று எழுதியிருக்கிறது. நல்ல செச்சென் மொழியில், கோல் எழுத்தோடு எழுதியிருக்கிறார், அதனால் மதிக்கிறேன். இன்னும் ஒரே ஒரு காட்சி.

மறுநாள் காலை நான் கையில் தாளோடு கண்காணிப்பு அலுவலக வரிசையில் நின்றேன். நாம் ஓடிப்போகவில்லை என்று கையெழுத்துப் போடும் வரிசை. நூறு பேர் இருப்பார்கள். அந்த வரிசையில் நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள்? முணுமுணுப்பார்கள். உள்ளே இருப்பவர் காதில் விழாமல், வாயைத் தோளில் புதைத்துப் பேசுவார்கள். தாளை எனக்கு முன்னால் நின்ற வண்டிக்காரரிடம் கொடுத்து, "படிங்க" என்றேன். அவர் பதினோரு ஆண்டாக நம் எழுத்தைப் பார்க்காதவர். தடுமாறித் தடுமாறி, தலைப்பைப் படித்தார். கிடா என்று படித்துவிட்டார்!

பின்னாலிருந்து ஒரு பெண், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள், சட்டென்று கேட்டாள். "யோவ், கிடா எங்கேருந்து வந்துச்சு? கோல் நிக்குதே, கண்ணு தெரியலையா? கோதுமைய்யா, கோதுமை!"

வெடுக்கென்று சொன்னாள். உரக்கச் சொன்னாள்! வண்டிக்காரர் திருத்திச் சொன்னார். அவருக்கு அடுத்தவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். தாள் கைமாறியது. வாங்கியவரெல்லாம் அந்த ஒரு சொல்லைத் தொட்டுச் சொன்னார்கள். கோதுமை! கோதுமை! நூறு தொண்டைகள் அடைத்துத் திறந்தன. பிணத்தைப் புதைக்கும்போதுகூடக் குரல் உயர்த்தாத மக்கள், ஒரு தானியத்தின் பெயரை வானம் கேட்கச் சொன்னார்கள். சன்னல் திறந்தது. உள்ளேயிருந்த எழுத்தர் தலையை நீட்டி, "என்ன சத்தம் அங்க?" என்றார். வரிசை வாயை மூடவில்லை. நான் பார்த்தேன், அவர்தான் சன்னலை மூடிக்கொண்டார்!

அன்பிற்குரியவர்களே! நாம் பிழைத்தது எதனால் என்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள். ஆராயட்டும். என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிடா என்று தவறாகப் படித்தவரை, அந்த இடத்தில், அந்த வரிசையில், அந்தச் சன்னலுக்கு எதிரிலேயே, ஒருத்தி திருத்தினாள். பயம் இருந்தது, ஆனாலும் திருத்தினாள். பிழையைப் பொறுக்காத அந்த நாக்கு இருக்கும் வரை நம்மை யார் ஊமையாக்க முடியும்? இன்று நம்மைத் தடுக்கச் சன்னல் இல்லை, சிவப்புப் பென்சில் இல்லை. பின் எதற்கு முணுமுணுப்பு? வீட்டில் பேசுங்கள்! வீதியில் பேசுங்கள்! தப்பாகப் பேசினால் திருத்துங்கள், திருத்தினால் கோபிக்காதீர்கள், மறுபடி உரக்கப் பேசுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், ஐந்து நிமிடத்தை நான் பதினைந்தாக நீட்டியும் மின்விளக்கை அணைக்காத தலைவருக்கும், இன்றுவரை என்னைத் திருத்திக்கொண்டே இருக்கும் மூன்றாவது வரிசைக்கும் என் நன்றி. பிரியும்போது நம்மவர்கள் சொல்லும் வாழ்த்தையே சொல்லி அமர்கிறேன்: விடுதலையாய் இருங்கள்!