பவுசர் பின்னுக்கு வந்த கதை

கமக்காரர் அமைப்பின் தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் சிவலட்சுமி அம்மா அவர்களே, அக்கராயன் மண்ணை அன்னமாக்கும் பெரியோர்களே, அந்த அன்னத்தை அமுதமாக்கும் தாய்மார்களே, தேநீர் வருமட்டும் இருப்போம் என்று வந்த இளையோரே, உங்கள் செயலாளர் குகதாசனின் பணிவான வணக்கம்.

இல்லையென்று சொல்லத் தெரியாத நாக்கு ஒன்று நம் ஊரில் உண்டு. அது கதிர்காமநாதன் அண்ணனுடையது. கலியாண வீடா, அவர் உழவு இயந்திரம். செத்தவீடா, அவர் உழவு இயந்திரம். கோயில் திருவிழாவா, கேட்கவே வேண்டாம்.

சென்ற திருவிழாவில் அன்னதானத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். உழவு இயந்திரத்தில் பூட்டிய தண்ணீர்த் தாங்கியை, அதுதான் பவுசரை, பின்னுக்கு எடுக்கையில், நம் வழக்கப்படி, பத்துப் பேர் பத்துத் திசையில் கை காட்டினார்கள். “வரட்டும் அண்ணை, வரட்டும்.” பவுசர் வந்தது. திருவிழாவுக்கு ஒலி, ஒளி வாடகைக்குத் தந்த சிவராசாவின் ஒலிபெருக்கிக் கோபுரமும் சரிந்து வந்தது. பவுசரின் குழாய் உடைந்து, அவருடைய புது மின்திரையும் மின்பிறப்பாக்கியும் தீர்த்தமாடின. கை காட்டிய பத்துப் பேரும் சாமி கும்பிடப் போய்விட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிவராசா சிரிக்கவில்லை, அவருடைய பிழைப்பே அதுதான். உழவு இயந்திரத்தின் காப்புறுதி, பிறர் பொருளுக்கு வந்த சேதத்தை ஓர் எல்லைவரைதான் தரும். இழப்போ எல்லை தாண்டியது. மிச்சத்துக்கு யார் பொறுப்பு? கை காட்டியவர்களா? காவல் தெய்வமா? குளத்தடி வயலை விற்பதா, சிவராசாவோடு வழக்காடுவதா என்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது அவர் மனைவி அருந்ததி அக்கா சொன்னா: “ஏன் யோசிக்கிறியள்? நீங்கள் ஆருக்கும் இல்லையெண்டு சொல்ல மாட்டியள் எண்டுதானே குடைக் காப்புறுதியும் எடுப்பிச்சனான்.”

அதென்ன குடை? வாகனக் காப்புறுதியின் எல்லை முடிகிற இடத்தில் இது தொடங்கும். அடியில் அது இருந்தால்தான் மேலே இது விரியும். நம்மால் பிறருக்கு வந்த இழப்பில் மிச்சத்தை, தனக்குரிய எல்லைவரை, இது சுமக்கும்.

ஓம் வீரையா அண்ணை, கேளுங்கோ. “என்ர றக்டர் உடைஞ்சால் இது தருமோ?” தராது அண்ணை. மற்றவருக்கு வந்த இழப்புக்குத்தான். “கோவத்தில இடிச்சால்?” அதற்குக் காப்புறுதி வராது, பொலிஸ் வரும்.

குடை விரிந்து மிச்சத்தைக் கட்டியது, வயல் தப்பியது. வயலைவிடப் பெரிய ஒன்றும் தப்பியது. முன்வரிசையைப் பாருங்கள். அண்ணனும் சிவராசாவும் அருகருகே இருக்கிறார்கள். வழக்கென்று போயிருந்தால் இந்தத் தோளும் அந்தத் தோளும் உரசுமா? கொடுக்கும் கை குறுகலாமா? கொடுத்த கை கூண்டில் ஏறலாமா? கொடுப்போம், இன்னும் கொடுப்போம், கொடுக்கும் கைக்கும் ஒரு காவல் எடுப்போம்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. இந்தக் கதிரைகளை ஏற்றிவந்ததும் அண்ணனின் உழவு இயந்திரம்தான். கூட்டம் முடிந்ததும் பின்னுக்கு எடுப்பார். சிவராசா ஒருவர் மட்டும் கை காட்டுவார். மற்றவர்கள் கை தட்டினால் போதும். வணக்கம்.